மலைப்பாதையும் பழைய மோட்டாரின் பிறேக்கும்

முட்டுக்கட்டை என்னும் சொல்லைத் தமிழர் பெரும்பாலும் பழிச்சொல்லாகவே வழங்குகின்றனர். நற்காரியம் ஒன்றினை நடக்கவொட்டாது தடுப்பவனை, "முட்டுக்கட்டை போடுகிறான்" என்று ஏசுவது உலக வழக்கு. ஆயினும், கண்டிக்கு வடக்கே மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் மாசி மகத்தன்று ஐந்து தேர்கள் வீதிவலம் வருவதைக் கண்டவர்கள் இச்சொல்லை வேறு விதமாகவே எண்ணுவர். வடம் பிடிப்போர் பல நூற்றுவர். தேரின் சில்லுக்கு அருகே மரக்கட்டையுடன் நடப்போரோ மிகச் சிலர். ஆனால், தேர் வேண்டிய இடத்தில் நிற்பதும் கூடியிருக்கும் மக்கள் தீங்கின்றி வீடு திரும்புவதும் அச்சிலரின் கையிலேயே உள்ளன. ஓடச் செய்வது ஆற்றல். நிற்கச் செய்வது பொறுப்பு. நிறுத்த முடியாத தேரை எவரும் இழுக்கத் துணியமாட்டார்.

தேருக்குப் பொருந்தும் இவ்வுண்மை மோட்டார் வண்டிக்கும் பொருந்தும். சமவெளியிலே பிறேக் குறைபாடுள்ள வண்டி எவ்வாறோ உருண்டு நின்றுவிடக்கூடும். கண்டி போன்ற மலைநகரில் அந்தச் சலுகை கிடையாது. இந்நகரிலிருந்து புறப்படும் பெருவழிகள் பலவும் இறக்கங்களைக் கொண்டவை. மேற்கே கொழும்பு வீதி கடுகண்ணாவைக் கணவாயில் சரிந்து மாவனல்லையை நோக்கி இறங்குகின்றது. கிழக்கே மகியங்கனை வீதி, மக்கள் 'பதினெட்டு வளைவு' என்று பெயரிட்டழைத்த கொண்டையூசி வளைவுகளின் வழியே தாழ்நிலத்தை அடைகின்றது. தெற்கே கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் வண்டி, திரும்பும் வேளையில் அவ்வளவு உயரத்தையும் பிறேக்கின் துணைகொண்டே இறங்கவேண்டியிருக்கின்றது.

இவற்றுள் கொழும்பு வீதியின் வரலாறு சிறிது நினைவுகூரத்தக்கது. 1815ஆம் ஆண்டிலே கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமான பின்னர், ஆளுநர் எட்வேர்ட் பார்ன்ஸ் காலத்தில் இவ்வீதி அமைக்கப்பட்டது. கணவாயிலே பாறையைக் குடைந்து வழி கண்டனர். வீதியை அமைத்த பொறியியலாளர் கப்டன் டோசன் 1829இல் மறைந்தார். அவர் நினைவாக 1832ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட கோபுரம் கடுகண்ணாவையில் இன்றும் நிற்கின்றது. புகையிரதம் 1867இல் கண்டியை அடையும் வரையில், மலைநாட்டுக் கோப்பி பெரும்பாலும் மாட்டு வண்டிகளிலேயே இவ்வழியாகக் கொழும்புக்குச் சென்றது. குதிரைக்கும் மாட்டுக்குமென வகுக்கப்பட்ட அப்பாதையின் வளைவுகளிலேதான் பின்னாளில் மோட்டார் வண்டிகளும் இறங்கத் தொடங்கின.

அவ்வாறு இறங்கிய வண்டிகளுட் சில, அறுபது எழுபது ஆண்டுகள் கழிந்த பின்னரும் இறங்கிக்கொண்டிருக்கின்றன என்பதே இங்கு கருதத்தக்க செய்தி. பிரித்தானியாவிலிருந்து வந்த மொறிஸ், ஒஸ்டின், பெட்போர்ட் முதலிய வண்டிகளை இலங்கையர் நெடுங்காலம் பேணி வைத்திருப்பதற்கு அன்பு மட்டும் காரணமன்று. 1960களிலே அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரையில், உள்ள வண்டியைத் திருத்தி ஓட்டுவதன்றி வேறு வழி இருக்கவில்லை. மீண்டும் 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025இலேயே தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. புதிய வண்டி எட்டாக்கனியான காலங்களில் பழைய வண்டி குடும்பத்தின் உழைப்பாளியாகிறது. இத்தேவையால் வளர்ந்த கைத்திறன், 1990களில் மொறிஸ் மைனர் உதிரிப்பாகங்களை இலங்கையிற் செய்து பிரித்தானியாவுக்கே அனுப்பும் அளவுக்கு முதிர்ந்தது.

இவ்வண்டிகளுள் மொறிஸ் மைனர் பிக்-அப் வண்டியை எடுத்துக்காட்டாகக் கொள்வது பொருத்தமாகும். அலெக் இசிகோனிஸ் என்பார் வடிவமைத்த மொறிஸ் மைனர் கார் 1948இல் வெளிவந்தது. அதன் பிக்-அப் வடிவம் 1953இல் தொடங்கி 1970களின் தொடக்கம் வரை செய்யப்பட்டது. முன்னே இருவர் அமரும் அறை, பின்னே திறந்த சுமைத்தட்டு, தொடக்கத்தில் 5 அந்தர், அதாவது ஏறத்தாழ 250 கிலோகிராம் சுமை என்பது அதன் அளவு. முதல் வண்டிகளின் எஞ்சின் 803 கன சென்ரிமீற்றர் கொள்ளளவே உடையது. அந்த எஞ்சினுக்கும் அக்காலத்து வேகத்துக்கும் ஏற்ப, நான்கு சில்லுகளிலும் 7 அங்குல விட்டமுள்ள சிறிய பிறேக்குகளே பொருத்தப்பட்டன. 1962இல் எஞ்சின் 1098 கன சென்ரிமீற்றராகப் பெருத்தபோது, முன்சில்லுகளின் பிறேக்கும் 8 அங்குலமாக்கப்பட்டது. ஆற்றலைப் பெருக்கியவர்கள் தடுப்பையும் உடன் பெருக்கினார்கள் என்பது கவனிக்கற்பாலது. இன்று பலர் பழைய பிக்-அப்பில் வேறொரு வலிய எஞ்சினைப் பூட்டிவிட்டு, பிறேக்கை இருந்தவாறே விட்டுவிடுகின்றனர். இது தலைகீழான வரிசையாகும்.

பிறேக் என்ன செய்கின்றது என்பதை முதலில் விளங்கிக்கொள்ளல் வேண்டும். ஓடும் வண்டியிலுள்ள இயக்க ஆற்றலை அது அழிப்பதில்லை. ஆற்றலை எவராலும் அழிக்க இயலாது. உராய்வின் மூலம் அதனை வெப்பமாக மாற்றிக் காற்றிலே விடுகின்றது. ஆகவே பிறேக் என்பது ஒருவகை அடுப்பு என்றே சொல்லலாம். வேகம் இரண்டு மடங்கானால் இவ்வெப்பம் நான்கு மடங்காகும். எனவே 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வண்டியை நிறுத்துவது, 30 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வண்டியை நிறுத்துவதைவிட நான்கு மடங்கு கடினம்.

இறக்கத்திலோ கணக்கு இன்னும் பெரிது. சுமையுடன் 1 தொன் நிறையுள்ள பிக்-அப் ஒன்று 300 மீற்றர் உயரத்தை, வேகம் கூடாமல், பிறேக்கை மட்டும் நம்பி இறங்குவதாகக் கொள்வோம். அவ்வேளை தோன்றும் வெப்பம் ஏறக்குறைய 10 லீற்றர் தண்ணீரைக் குளிர்ந்த நிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. 60 கிலோமீற்றர் வேகத்திலிருந்து அவ்வண்டியை அடுத்தடுத்து 21 தடவை முற்றாக நிறுத்துவதற்கு அது சமம். அந்த இறக்கம் கால் மணி நேரம் எடுக்குமாயின், 1000 உவாற்று மின்னழுத்திகள் மூன்றினைச் சில்லுகளுக்குள் வைத்து இடைவிடாது எரிப்பதற்கு ஒப்பாகும். நான்கு சில்லுகளின் இரும்பும் சேர்ந்து 20 கிலோகிராம் எனக் கொண்டு, வெப்பம் சிறிதும் வெளியேறவில்லையெனக் கணக்கிட்டால், அவ்விரும்பின் சூடு 300 பாகை செல்சியசுக்கு மேல் உயரும். உண்மையில் காற்று ஒரு பகுதியைக் கொண்டு செல்கின்றது. எஞ்சினும் ஒரு பகுதியைத் தாங்குகின்றது. அவையிரண்டும் இல்லாவிடில் கடுகண்ணாவை இறக்கம் எந்தச் சிறு வண்டிக்கும் இயலாத காரியமாகும்.

இனி, பழைய பிறேக்கின் அமைப்பு. சில்லோடு சேர்ந்து சுழலும் இரும்புக் குடம் ஒன்று உண்டு. அதனை டிறம் என்பர். அதனுள்ளே பிறை வடிவான இரண்டு துண்டுகள் அசையாது நிற்கின்றன. பட்டறைகளில் இவற்றுக்குப் பிறேக் சூ என்று பெயர். அவற்றின் வெளிவிளிம்பில் லைனர் எனப்படும் உராய்வுப் பட்டை ஒட்டப்பட்டிருக்கும். சாரதி மிதியை அழுத்தும்போது, மாஸ்டர் சிலிண்டர் என்னும் உருளையிலுள்ள பிறேக் ஒயில் குழாய்களின் வழியே தள்ளப்படுகின்றது. அவ்வழுத்தம் ஒவ்வொரு சில்லிலுமுள்ள சிறு உருளையை அடைந்து, பிறைகளை விரித்து டிறத்தின் உட்சுவரோடு அணைக்கின்றது. அடைபட்ட திரவத்தில் அழுத்தம் எத்திசையும் சமமாகப் பரவும் என்னும் பஸ்காலின் விதியே இதன் அடிப்படை. அமெரிக்காவிலே 1921ஆம் ஆண்டில் டூசன்பேர்க் கார் நான்கு சில்லுகளுக்கும் இம்முறையைக் கொண்டு வெளிவந்த பின்னர், கம்பியால் இழுக்கும் பிறேக்குகள் படிப்படியாக மறைந்தன.

மொறிஸ் மைனரின் முன்சில்லுகளிலே இரண்டு பிறைகளும் சுழற்சியின் போக்கிலே இழுபட்டுத் தாமாகவே மேலும் இறுகும் வண்ணம் அமைந்துள்ளன. சிறிய பிறேக்கிலிருந்து பெரிய பலனைப் பெறும் சாமர்த்தியம் இது. ஆயின் இதற்கொரு மறுபக்கம் உண்டு. வண்டி பின்னோக்கி உருளும்போது அத்தன்மை தலைகீழாகி, முன்பிறேக் வலுவிழக்கின்றது. மேடேறும் வழியில் நின்று பின்வாங்கத் தொடங்கும் பிக்-அப்பைப் பிடித்து நிறுத்துவது எதனால் கடினமாகின்றதென்பது இதனால் விளங்கும்.

இவ்வமைப்புக்கு மலைப்பாதையில் வரக்கூடிய நோய்கள் மூன்று. முதலாவது, சூட்டினால் தளர்தல். டிறம் சூடேறி விரிந்து பிறைகளைவிட்டு விலகுகின்றது. லைனரும் தன் உராய்வுத் தன்மையை இழக்கின்றது. மிதி நெடுந்தூரம் செல்லும்; எவ்வளவு அழுத்தினும் பலன் குறையும். இரண்டாவது, ஒயில் கொதித்தல். திரவம் சுருங்குவதில்லை, ஆனால் கொதித்து ஆவியானால் அது எளிதிற் சுருங்கும். அப்போது மிதி பஞ்சுபோல் அமிழ்ந்து அடியைத் தொடும். மூன்றாவது, கசிவு. பழைய மொறிஸ் மைனரில் நான்கு சில்லுகளுக்கும் ஒயில் வழி ஒன்றே. ஏதேனுமோர் இறப்பர்க் குழாய் வெடித்தாலோ, ஒரு சிறு வளையம் பழுதுற்றாலோ, நான்கு பிறேக்குகளும் ஒருங்கே கைவிட்டுவிடும். முதலிரண்டு நோய்களும் முன்னறிவிப்புத் தருவன. மூன்றாவது அறிவிப்பின்றி வருவது. எனவே அதுவே மிகக் கொடியது.

இவ்விடத்தில், வீதிக்கு அருகே அதே மலையில் ஏறும் புகையிரதத்தை ஒப்பிட்டு நோக்கலாம். கடுகண்ணாவை இருப்புப்பாதை 45 அடிக்கு 1 அடி என்ற விகிதத்தில் உயர்கின்றது. இருப்புப்பாதைக்கு அது மிகக் கடுஞ்சரிவு. இலங்கையில் நெடுங்காலம் வழங்கிவரும் வெற்றிட பிறேக்கின் நுட்பம் யாதெனின், குழாயிலிருந்து காற்றை வெளியேற்றி வைத்திருக்கும் வரையில்தான் பிறேக் விலகியிருக்கும். குழாய் அறுந்தாலோ, பெட்டி கழன்றாலோ, காற்று உட்புகுந்து பிறேக் தானே இறுகிவிடும். இந்தப் பாடத்தை உலகம் பெருவிலை கொடுத்துக் கற்றது. அயர்லாந்தின் ஆர்மா நகருக்கருகே 1889ஆம் ஆண்டு யூன் மாதம், ஏற்றத்தில் நின்ற உல்லாசப் பயணப் புகையிரதமொன்றைப் பிரித்தபோது, கழற்றப்பட்ட பெட்டிகளில் அவ்வாறு தானே இறுகும் பிறேக் இல்லாமையால் அவை பின்னோக்கி உருண்டு, பின்வந்த வண்டியுடன் மோதின. சிறுவர் உட்பட ஏறத்தாழ 80 பேர் மாண்டனர். அவ்வாண்டிலேயே, பயணிகள் புகையிரதங்களுக்குத் தானியங்கு பிறேக்கைக் கட்டாயமாக்கும் சட்டம் பிரித்தானியாவில் இயற்றப்பட்டது. ஒரு பாகம் பழுதடையும்போது தீங்கு நேராதிருக்குமாறு அமைப்பதே சிறந்த பிறேக் என்பது அச்சட்டத்தின் உட்கருத்து. பழைய பிக்-அப்பைச் சீர்திருத்த முயல்வோர் மனத்திற்கொள்ளவேண்டிய முதற்கொள்கையும் அதுவே.

சீர்திருத்தம் என்றவுடன் புதிய பாகங்களை வாங்கிப் பூட்டுவதே பலர் நினைவில் எழும். அது சரியான தொடக்கமன்று. உள்ளதை உள்ளவாறு செப்பனிடுவதே முதற்படி. பல தடவை கடைசல் பிடிக்கப்பட்ட டிறம், விட்டம் பெருத்துச் சுவர் மெலிந்திருக்கும். மெல்லிய இரும்பு குறைந்த வெப்பத்தையே தாங்கும். விரைவில் வெடிப்பும் காணும். அத்தகையதை மீண்டும் கடையாமல் மாற்றுதல் வேண்டும். சில்லு உருளைகளின் உட்சுவர் துருவேறிக் குழிவிழுந்திருந்தால், புதிய இறப்பர் வளையம் சில கிழமைகளே நிலைக்கும். அவ்வுருளைகளை மாற்றுதல் வேண்டும். கிடையாவிடில் அகலித்துத் துருப்பிடியாத உலோக உறை இடுவித்தல் வேண்டும். ஒயில் செல்லும் இரும்புக் குழாய்களையும் சில்லருகேயுள்ள இறப்பர்க் குழாய்களையும் ஐயத்துக்கு இடமின்றிப் புதுப்பித்தல் வேண்டும். மொறிஸ் மைனரிலே மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைத்தகட்டின் கீழே சட்டத்தினுள் மறைந்திருக்கின்றது. தகட்டைக் கழற்றினாலன்றி ஒயிலின் அளவை அறிய முடியாது. முன்சில்லுகளைத் தாங்கும் முறுக்குத் தண்டு குறுக்கே நிற்பதால், அவ்வுருளையைக் கழற்றுவதும் எளிதன்று. கண்ணுக்கு மறைந்ததும் கைக்கு எட்டாததுமான உறுப்பே பெரும்பாலும் கவனிப்பாரற்றுப் போவது என்பதை நினைவிற்கொள்ளல் நன்று.

ஒயிலைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை. வழக்கமான பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் 4 வகை ஒயில் புதிதாக இருக்கையில் 230 பாகை செல்சியசுக்குக் குறையாத கொதிநிலை உடையதாக இருத்தல் வேண்டும் என்பது நியமம். ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155 பாகையாகத் தாழ்ந்துவிடும். டொட் 3 வகைக்கு இவ்வெண்கள் முறையே 205, 140 ஆகும். மழையும் பனியும் மிகுந்த கண்டியிலே, பத்தாண்டுக்கால ஒயிலுடன் கடுகண்ணாவையில் இறங்குவது எத்தகைய துணிவு என்பதை இவ்வெண்களே கூறும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒயிலை முற்றாக மாற்றுவது, மலைநாட்டு வண்டிக்குச் செய்யக்கூடிய மிக மலிவான சீர்திருத்தமாகும். எஞ்சின் ஒயிலோ வேறு கனிய எண்ணெயோ தவறியும் இதிற் கலத்தலாகாது. கலந்தால் இறப்பர் வளையங்கள் யாவும் ஊதிப் பழுதாகிவிடும்.

இரண்டாம் படி, பெரிய டிறம். பின்னாளைய மைனரின் 8 அங்குல முன்பிறேக்கை அதன் தாங்குதகட்டோடு முழுமையாக எடுத்து முந்தைய வண்டிக்குப் பொருத்தலாம். உராயும் இடம் மையத்திலிருந்து தள்ளிப்போவதால், அதே அழுத்தத்துக்குத் தடுக்கும் விசை ஏழில் ஒரு பங்கு கூடுகின்றது. வெப்பத்தைத் தாங்கும் இரும்பும் மிகுகின்றது. 1957 முதல் 1965 வரை வெளிவந்த றைலி 1.5 என்னும் காரின் 9 அங்குல முன்பிறேக்கும் மைனருக்குப் பொருந்துவது பழம்வண்டி ஆர்வலர் நன்கறிந்த செய்தி. அக்கார் மைனரின் உறவுமுறை வண்டியாதலால் இப்பொருத்தம் இயல்பாக வாய்த்தது. வண்டியின் பழைமைத் தோற்றம் கெடாதிருக்க விரும்புவோர்க்கு இது நல்வழி.

மூன்றாம் படி, டிஸ்க் பிறேக். சில்லோடு சுழலும் இரும்புத் தட்டை இருபுறமும் பிடித்து இறுக்குவது இதன் முறை. 1902ஆம் ஆண்டிலேயே பிரித்தானியரான லான்செஸ்டர் இதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். ஆயினும், 1953இல் பிரான்சின் லெமான் நகரில் நடைபெறும் 24 மணி நேர ஓட்டத்தில் டிஸ்க் பிறேக் பூட்டிய ஜாகுவார் வண்டி வெற்றி ஈட்டிய பின்னரே உலகின் கவனம் அதன்பாற் சென்றது. டிறம் சூட்டில் விரிந்தால் பிறையைவிட்டு விலகும். தட்டோ சூட்டில் தடித்தால் பிடியை நோக்கியே வரும். டிறத்தின் வெப்பம் குடத்துள் அடைபட்டது. தட்டு திறந்த காற்றில் சுழல்வது. மழைநீரும் தட்டில் நில்லாது சிதறிவிடும். மலைப்பாதைக்கு இதனினும் ஏற்றது வேறில்லை. 1971 முதல் விற்பனையான மொறிஸ் மரீனா காரின் முன் டிஸ்க் பிறேக் மைனருக்கு மாற்றியமைக்கப்படுவதுண்டு; இதற்கெனவே செய்யப்படும் பாகங்களும் உள.

எனினும் டிஸ்க் பிறேக்கை மட்டும் வாங்கிப் பூட்டியவுடன் காரியம் முடிந்துவிடுவதில்லை. தட்டுப் பிறேக்குக்குத் தானே இறுகும் இயல்பு இல்லை. ஆகவே மிதியைக் கூடுதலாக அழுத்தவேண்டிவரும். அதன் உருளைகள் பெரியவையாதலால், பழைய மாஸ்டர் சிலிண்டர் தள்ளும் ஒயில் போதாது மிதி ஆழச் செல்லவும் கூடும். பழைய உருளையின் முனையில், டிறம் பிறேக்குக்கெனக் குழாயில் சிறிது அழுத்தத்தை எப்போதும் தேக்கிவைக்கும் தடுக்கிதழ் ஒன்று உண்டு. அது இருந்தவாறே டிஸ்க் பூட்டினால், பிடி விலகாது உராய்ந்துகொண்டே இருக்கும். இறக்கம் வருமுன்னரே பிறேக் சூடேறிவிடும். அதனை முற்றாக அகற்றினாலோ, உருளை பிடியைவிடத் தாழ்வாக இருப்பதால் ஒயில் பின்வாங்கக்கூடும். ஆகவே டிஸ்க்குக்கு ஏற்ற மெல்லழுத்த இதழை இடுதல் வேண்டும். இத்தகைய சிறு செய்திகளிலேதான் நன்மையும் தீமையும் அடங்கியுள்ளன.

கால் வலியைக் குறைக்கச் சிலர் வெற்றிடத் துணைக்கருவி ஒன்றைச் சேர்ப்பர். அது எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடத்தைக் கொண்டு சாரதியின் அழுத்தத்தைப் பெருக்கித் தருவது. ஆனால் அது பிறேக்கின் வெப்பம் தாங்கும் ஆற்றலை இம்மியும் உயர்த்துவதில்லை. சிறிய டிறங்களுக்கு இதனைப் பூட்டினால், அவை முன்னினும் விரைவிற் சூடேறும், அவ்வளவே. எஞ்சின் நின்றுவிட்டால் சிறிது நேரத்தில் இத்துணையும் நின்றுவிடும். ஆகவே எரிபொருளைச் சேமிக்க எண்ணி இறக்கத்தில் எஞ்சினை நிறுத்தி வண்டியை உருளவிடும் தீய பழக்கம், இத்தகைய வண்டியில் இருமடங்கு ஆபத்தானது.

நான்காம் படியே யாவற்றினும் முதன்மையானது. ஆயினும் பெரும்பாலும் மறக்கப்படுவது. அதுவே ஒயில் வழியை இரண்டாகப் பிரித்தல். ஓர் உருளைக்குள் இரண்டு அறைகளைக் கொண்ட மாஸ்டர் சிலிண்டரைப் பூட்டி, முன்சில்லுகளுக்கு ஒரு வழியும் பின்சில்லுகளுக்கு மற்றொரு வழியும் அமைத்தால், ஒன்று கசிந்தாலும் மற்றொன்று வண்டியை நிறுத்தும். நிறுத்தும் தூரம் கூடலாம். ஆனால் உயிர் மிஞ்சும். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே 1968 முதல் பயணிகள் கார்களுக்கு இவ்வமைப்புக் கட்டாயமாயிற்று. இவ்வுருளையை எஞ்சின் அறையின் பின்சுவருக்கு மாற்றிவிட்டால், மூடியைத் திறந்தவுடன் ஒயிலின் அளவும் கண்ணுக்குத் தெரியும். பளபளக்கும் டிஸ்க் பிறேக்கைப் பூட்டி, ஒயில் வழியை மட்டும் பழையபடி ஒன்றாகவே விடுவது, வாயிற்கதவுக்கு வெள்ளிப் பூண் கட்டிப் பூட்டை மறந்ததற்கு ஒப்பாகும்.

அடுத்து, முன்பின் சமநிலை. வண்டியை நிறுத்தும்போது அதன் பாரம் முன்சில்லுகளின் மேல் சாய்கின்றது; இறக்கத்தில் இச்சாய்வு இன்னும் மிகுதி. பிக்-அப் வண்டிக்கோ இதற்குமேல் ஒரு தனித்தன்மை உண்டு. மரக்கறி மூடைகளுடன் செல்லும்போது பின்சில்லுகள் நிலத்தை நன்கு பற்றியிருக்கும். சுமையை இறக்கிவிட்டுத் திரும்பும்போது பின்பக்கம் வெறுமையாகி, சிறிது அழுத்தினாலும் பின்சில்லுகள் சுழற்சி நின்று வழுக்கும். நனைந்த தார் வீதியின் வளைவிலே இது நேர்ந்தால், வண்டி பக்கவாட்டில் திரும்பிவிடும். எனவே பின்பிறேக்கைத் தேவைக்கு மேல் வலிதாக்கலாகாது. வேண்டுமாயின் பின்வழியில் அழுத்தத்தை மட்டுப்படுத்தும் இதழ் ஒன்றைச் சேர்க்கலாம். ரயர்கள் தேய்ந்திருப்பின் இவையெல்லாம் வீண். பிறேக் நிறுத்துவது சில்லை. வண்டியை நிறுத்துவது ரயருக்கும் வீதிக்கும் உள்ள பற்றே. கைப்பிறேக் பின்சில்லுகளைக் கம்பியால் இழுப்பது. ஒயிலின் உதவியை வேண்டாதது. அந்தத் தனி வழியை எச்சீர்திருத்தத்திலும் கெடாமற் காத்தல் கடமை.

வேலை செய்வோர் நலனையும் மறத்தலாகாது. பழைய லைனர்களிலே கல்நார் எனப்படும் அஸ்பெஸ்டஸ் கலந்திருந்தது. அதன் தூள் நுரையீரலிற் படிந்து, பல ஆண்டுகள் கழிந்தபின் புற்றுநோயை விளைவிக்கவல்லது. டிறத்தைத் திறந்தவுடன் அழுத்தக் காற்றினால் தூளை ஊதுவது பட்டறைகளிற் காணப்படும் வழக்கம். அவ்வாறு ஊதாமல், ஈரத்துணியால் துடைத்தெடுத்து அத்துணியைப் பையிற் கட்டி அகற்றுதல் வேண்டும். பட்டறையில் உதவிக்கு நிற்கும் இளைஞன் தன் ஐம்பதாம் வயதில் நோயுறாதிருக்க இச்சிறு கவனம் போதும்.

வேலை முடிந்தபின் சோதனை தொடங்குகின்றது. குழாய்களிலுள்ள காற்றை, மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மிகத் தூரத்திலுள்ள சில்லில் தொடங்கி முறையாக வெளியேற்றுதல் வேண்டும். எஞ்சின் ஓடாத நிலையில் மிதியை ஒரு நிமிடம் இறுக அழுத்திப் பிடித்து, அது மெல்லத் தாழ்கின்றதா என்று பார்த்தல் வேண்டும். பின்னர் சமதரையில் குறைந்த வேகத்தில் பலமுறை நிறுத்தி, புதிய லைனர் படியச் செய்தல் வேண்டும். அதன்பின் சிறு சரிவு, இறுதியிலேயே பெருஞ்சரிவு. புதிதாக வேலை செய்த பிறேக்குடன் நேரே கடுகண்ணாவைக்குச் செல்வது அறிவுடைமையாகாது. இலங்கையின் மோட்டார் வாகனங்களுக்கு அடிப்படையாயுள்ளது 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம். மாற்றம் செய்யுமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தையும் காப்புறுதி நிறுவனத்தையும் கேட்டறிந்துகொள்வது, பின்வரும் தொல்லைகளைத் தவிர்க்கும்.

பழைமையை மாற்றுவது தகுமா என்று வினவுவோரும் உளர். தொழிற்சாலையில் இருந்து வந்தவாறே வண்டியைப் பேணுவது ஒரு பண்பாட்டுத் தொண்டு என்பதை மறுப்பதற்கில்லை. காட்சிக்கு மட்டும் வைக்கப்படும் வண்டிக்கு அவ்வாதம் முற்றும் பொருந்தும். ஆனால் வீதியில் ஓடும் வண்டி அதன் உரிமையாளர்க்கு மட்டும் உரிய பொருளன்று. அது இறங்கும் சரிவின் அடியிலே சந்தை இருக்கின்றது. பாடசாலை விட்டு வரும் பிள்ளைகள் இருக்கின்றனர். பஸ்ஸுக்குக் காத்துநிற்கும் முதியோர் இருக்கின்றனர். அவர்கள் அவ்வண்டியின் பழைமையைப் போற்றும் உடன்படிக்கையிற் கையொப்பமிட்டவர்கள் அல்லர். கழற்றிய பழைய பாகங்களை எண்ணெய் பூசிப் பத்திரப்படுத்தி வைத்தால், பிற்காலத்தில் வேண்டுவோர் மீளவும் பூட்டிக்கொள்ளலாம். பாகத்தை மீட்கலாம், உயிரை மீட்க இயலாது.

எத்துணை திருத்தினும், சாரதியின் மதியே கடைசிப் பிறேக். மேடேறும்போது எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்குவது என்பது மலைநாட்டுச் சாரதிகளின் பழைய விதி. இறக்கம் தொடங்குமுன்னரே கியரைத் தாழ்த்தி, வேகத்தை எஞ்சினிடம் ஒப்படைத்து, பிறேக்கை இடையிடையே மட்டும் உறுதியாக அழுத்தி விடுவதே முறை. எந்நேரமும் மிதியில் காலை மெல்ல ஊன்றியிருப்பது பிறேக்கை அவிப்பதற்குச் சமம். மிதி ஆழச் செல்வதாகவோ, லைனர் கருகும் மணம் எழுவதாகவோ உணர்ந்தால், தாழ்ந்த கியரிலேயே ஓரமாக நிறுத்தி ஆறவிடுதல் வேண்டும். சூடான டிறத்தின்மீது தண்ணீர் ஊற்றலாகாது, இரும்பு வெடிக்கும். அரை மணி நேரத் தாமதம் எந்தச் சந்தையையும் மூடிவிடாது.

ஆகவே, பழைய பிக்-அப்பின் பிறேக்கைச் சீர்திருத்த விரும்புவோர் கொள்ளவேண்டிய வரிசை தெளிவானது. முதலில் உள்ளதைச் செப்பனிடுதல். அதனுடன் புதிய ஒயில். அடுத்து ஒயில் வழியை இரண்டாக்குதல். பின்னர் வசதிக்கேற்பப் பெரிய டிறம் அல்லது டிஸ்க். யாவற்றின் பின்னரே துணைக்கருவியும் வலிய எஞ்சினும். இவ்வரிசையில் பணம் மிகுதியாக வேண்டுவது பிற்பகுதிக்கே. உயிரைக் காப்பது பெரிதும் முற்பகுதியே. மலைநாட்டில் மாதம் ஒருமுறை தரைத்தகட்டைத் திறந்து ஒயிலைப் பார்க்கும் ஏழைச் சாரதி, அதனைத் திறவாத செல்வரைவிடப் பாதுகாப்பாகவே இறங்குகிறார்.